இருபது விநாடிகளின் நியாயம்

அமெரிக்க நெடுஞ்சாலைகளின் எச்சரிக்கைப் பலகைகள் பெரும்பாலும் முனையில் நிறுத்திய சதுரங்களாக இருக்க, மஞ்சள் வட்டம் மட்டும் ஒரே ஒரு செய்திக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. சற்றுத் தொலைவில் இந்தச் சாலையை ஓர் இருப்புப்பாதை குறுக்கே வெட்டுகிறது என்பதே அச்செய்தி. மூன்றடி விட்டமுள்ள அந்த வட்டத்தில் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய பெருக்கல் குறியும் அதன் இருபுறமும் ஆங்கில ‘ஆர்’ எழுத்து ஒவ்வொன்றும் இருக்கும். 1923இல் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கம் வகுத்த ஒழுங்கிலிருந்து வந்த வடிவம் இது. எழுத்தைப் படிக்க முடியாத இரவிலும் பலகையின் உருவமே ஆபத்தின் அளவைச் சொல்லிவிடவேண்டும் என்று கருதிய அதன் பொறியாளர்கள், பக்கங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடுவதாக ஒரு வரிசையை அமைத்தார்கள். வளைவுக்கும் இறக்கத்துக்கும் நான்கு பக்கச் சதுரம், நின்றே ஆகவேண்டிய இடத்துக்கு எண்கோணம், எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணற்ற பக்கங்கள் உடையதாகக் கொள்ளத்தக்க வட்டம் ரயில் கடவுக்கு. தகட்டை வட்டமாக வெட்டும்போது வீணாகும் துண்டுகள் அதிகம் என்பதால், மிகக் குறைவாகத் தேவைப்படும் பலகைக்கு அதைக் கொடுப்பது சிக்கனமாகவும் இருந்தது. தத்துவமும் தகட்டுச் செலவும் இவ்வளவு இணக்கமாக ஒத்துப்போகும் இடங்கள் அரசுத் துறைகளின் வரலாற்றில் அதிகமில்லை.

சாலையும் இருப்புப்பாதையும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தமிழ்நாட்டில் பேச்சில் ரயில்வே கேட் என்றும், செய்தித்தாள்களில் லெவல் கிராசிங் என்றும் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை சுருக்கம் கருதி அதைக் கடவு என்று குறிப்பிடும். அமெரிக்காவில் கடவை நெருங்கும் ஓட்டுநருக்கு முதலில் வட்டப் பலகையும், பிறகு தார்ச்சாலையின் மேல் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்ட அதே பெருக்கல் குறியும், கடைசியாகத் தண்டவாளத்தின் ஓரத்தில் இரு பட்டைகளைக் குறுக்காக வைத்து அறைந்த சிலுவைப் பலகையும் எதிர்ப்படும். இவற்றைச் செயலற்ற எச்சரிக்கைகள் என்று பொறியாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். ரயில் வந்தாலும் வராவிட்டாலும் இவற்றின் முகம் மாறாது என்பதால் அந்தப் பெயர். இவை இடத்தைச் சொல்கின்றன, நேரத்தைச் சொல்வதில்லை. ஆபத்து இருக்கக்கூடிய இடம் இது என்பது வரைதான் இவற்றின் பேச்சு. இந்தக் கணத்தில் இங்கே ஆபத்து இருக்கிறதா என்ற கேள்வி அப்படியே ஓட்டுநரிடம் விடப்படுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் ஒன்றரை நூற்றாண்டாக நீதிமன்றங்களும் பொறியாளர்களும் சாலை, ரயில்வே என்ற இரு தரப்புகளின் கணக்கதிகாரிகளும் முட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இரு தரப்பும் சமமானவை அல்ல என்பது வெளிப்படை. நூறு பெட்டிகளோடு மணிக்கு 55 மைல் வேகத்தில் வரும் சரக்கு ரயில், அவசரத் தடையைப் பிடித்த பிறகும் நிற்பதற்கு ஒரு மைல் அல்லது அதற்கு மேலும் வேண்டும். அது விலகவும் முடியாது. எனவே ஒதுங்க வேண்டியது சாலைதான் என்பதில் சட்டத்துக்கு என்றுமே ஐயம் இருந்ததில்லை. சாலையில் வருபவன் எவ்வளவு சிரமப்பட்டு ஒதுங்க வேண்டும் என்பதில்தான் வழக்குகள் எழுந்தன. 1927இல் பால்ட்டிமோர்–ஒஹாயோ ரயில்வேக்கும் குட்மேன் என்பவரின் மனைவிக்கும் இடையிலான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குட்மேன் தமது லாரியின் வேகத்தை மணிக்கு ஐந்தாறு மைலாகக் குறைத்துக்கொண்டுதான் கடவை நெருங்கியிருந்தார். ரயில்வேயின் கொட்டகை ஒன்று பார்வையை மறைத்ததால், தண்டவாளத்துக்கு மிக அருகில் வந்த பிறகே ரயில் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், ரயில் வருகிறதா என்பது வேறு வழியில் உறுதியாகத் தெரியாவிட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும், அப்படிச் செய்யாமல் நம்பிக் கடப்பவர் தம் பொறுப்பில்தான் கடக்கிறார் என்று முடித்துவிட்டார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் அடிபட்ட பொகோரா என்ற லாரி ஓட்டுநரின் வழக்கு அதே நீதிமன்றத்துக்குப் போனது. முதல் தண்டவாளத்தில் வரிசையாக நின்ற சரக்குப் பெட்டிகள் பார்வையை அடைத்திருந்தன. பொகோரா நின்றார், பார்த்தார், காதுகொடுத்துக் கேட்டார், எதுவும் கேட்காததால் மெதுவாக நகர்ந்தார், அடுத்த பாதையில் வந்த பயணிகள் ரயில் மோதியது. 1934இல் தீர்ப்பெழுதிய நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டும் என்ற பழைய விதியை எடுத்து அதன் உள்ளீட்டைக் கணக்குப் பார்த்தார். இறங்கி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருக்கையில் அமர்ந்து வண்டியைக் கிளப்புவதற்குள், பார்த்தபோது கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்த ரயில் வந்துவிடக்கூடும்; ஆகவே அந்தப் பார்வை பயனற்றது, சில இடங்களில் இறங்குவதே கூடுதல் ஆபத்து என்று அவர் காட்டினார். ஹோம்ஸின் விதி தீர்ப்பளவில் குறுகிப்போனது. சட்ட மாணவர்கள் இந்த இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிப்பது, நீதிமன்றம் எந்த அளவுக்குத் துல்லியமான நடத்தை விதியை வகுக்கலாம் என்ற கேள்விக்காக. ஆனால் கடவின் கோணத்திலிருந்து பார்த்தால் கார்டோசோ செய்தது வேறொன்று. ஒரு தகவல் உண்மையாக இருந்தால் போதாது, அதைப் பெற்றவன் அதைப் பயன்படுத்தி முடிக்கும்வரை அது உண்மையாகவே நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் முன்வைத்தார். எச்சரிக்கைக் கருவிகளைச் செய்தவர்கள் வெவ்வேறு பெயர்களில் மல்லுக்கட்டியது இந்த நிபந்தனையோடுதான்.

ஹோம்ஸின் விதி அமெரிக்காவில் ஒடுங்கிய பிறகும் வேறொரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்துவருகிறது என்பது தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு, ஆளில்லா லெவல் கிராசிங்கை நெருங்கும் ஒவ்வொரு ஓட்டுநரும் வண்டியை நிறுத்தி, நடத்துநரையோ கிளீனரையோ உடன் வருபவர் ஒருவரையோ இறக்கி நடந்துபோய்ப் பார்க்கச் செய்து, இருபுறமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று உறுதிசெய்த பின் அவர் வழிகாட்ட வண்டியைக் கடத்த வேண்டும் என்கிறது. உடன் யாருமில்லாவிட்டால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். கிளீனர் என்றொருவர் லாரியில் எப்போதும் இருப்பார் என்ற நம்பிக்கை இந்த வாசகத்தில் தொனிக்கிறது; இறங்கிப் போனவர் அங்கேயே நின்று கைகாட்டி அழைப்பதால் கார்டோசோவின் ஆட்சேபத்துக்கு ஓரளவு பதிலும் அதில் இருக்கிறது. தனியாக வரும் ஓட்டுநருக்கு மட்டும் அந்தப் பதில் இல்லை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 161ஆம் பிரிவு, நின்று கவனிக்காமல் இத்தகைய கடவைக் கடப்பதை அலட்சியம் என்று வரையறுத்து அதற்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் வைத்தது. காவலாளியை நியமிக்காத இடத்தில் ஒவ்வொரு வழிப்போக்கனையும் காவலாளியாக்கும் ஏற்பாடு இது.

இப்படிக் கண்ணையும் காதையும் நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உளவியலாளர் ஹெர்ஷல் லெய்போவிட்ஸ் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பெரிய உருவங்கள் அவற்றின் உண்மையான வேகத்தைவிட மெதுவாக நகர்வதாகவே மனிதக் கண்ணுக்குத் தோன்றும் என்பதைக் கடவு விபத்துகளோடு இணைத்துக் காட்டினார். தரையிறங்கும் பெரிய விமானம் சிறிய விமானத்தைவிட மெதுவாக மிதந்து வருவதுபோலத் தெரிவது இதனால்தான். அதோடு, ஏறக்குறைய நேர்கோட்டில் தன்னை நோக்கி வரும் பொருளின் வேகத்தை, அதன் உருவம் விழித்திரையில் பெரிதாகும் வேகத்தைக் கொண்டே கண் கணிக்கிறது; தொலைவில் இருக்கும்வரை அந்த வளர்ச்சி மிகச் சொற்பமாகவும், கடைசிச் சில விநாடிகளில் திடீரெனப் பெருகுவதாகவும் இருக்கிறது. ஆகவே ரயிலைப் பார்த்த பிறகும் கடந்துவிடலாம் என்று முடிவெடுத்தவரை அசட்டுத் துணிச்சல்காரர் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர் பார்த்தார்; பார்வைதான் அவருக்குப் பொய் சொன்னது.

கண்ணின் வேலையைத் தண்டவாளத்திடமே ஒப்படைக்கும் வழி, மோட்டார் வண்டிகள் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1872இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் காப்புரிமை பெற்ற மூடிய தண்டவாள மின்சுற்று என்ற அமைப்பு, கருத்தளவில் மிக எளியது. பாதையின் ஒரு பகுதியை மின்கடத்தாப் பொருத்துகளால் இருபுறமும் தனிமைப்படுத்தி, ஒரு முனையில் மின்கலத்தையும் மறுமுனையில் ரிலே என்னும் காந்த இயக்குவிசையையும் இணைத்துவிட்டால், ஒரு தண்டவாளம் வழியே போய் மறு தண்டவாளம் வழியே திரும்பும் சிறு மின்னோட்டம் அந்த ரிலேயை எப்போதும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ரயில் நுழைந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிட, மின்னோட்டம் குறுக்குவழியில் திரும்பிப்போய் ரிலே விழுந்து எச்சரிக்கை இயங்கத் தொடங்கும். இதன் அழகு, மின்னோட்டம் இருப்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகவும் அது இல்லாமற்போவதை ஆபத்தின் அடையாளமாகவும் வைத்ததில் இருக்கிறது. மின்கலம் தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் தண்டவாளமே முறிந்தாலும் ரிலே விழுகிறது, விளக்கு எரிகிறது. தன் அறியாமையைக்கூட ஆபத்து என்று அறிவிக்கும்படி வடிவமைக்கப்பட்ட கருவிகள் மனிதச் சமூகத்தில் அபூர்வம். மனிதர்களிடையே இன்னும் அபூர்வம்.

இந்த மின்சுற்று எதை இயக்க வேண்டும் என்பதில் முதலில் பழைய காவலாளியின் நிழல் விழுந்திருந்தது. கடவில் நின்ற காவலாளி இரவில் சிவப்பு விளக்கைப் பக்கவாட்டில் ஆட்டி வண்டிகளை நிறுத்துவார். 1909இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் பசிபிக் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் ஆல்பர்ட் ஹன்ட் வடிவமைத்த ‘விக்வாக்’ என்னும் கருவி, நடுவில் சிவப்பு விளக்கு பொருத்திய வட்டத் தகட்டை மணியோசையோடு ஊசல்போல ஆட்டியது. பின்னர் அதன் இடத்தைப் பிடித்த, மாறி மாறி எரியும் இரட்டைச் சிவப்பு விளக்குகளும் அதே கையசைவின் எச்சம்தான். நிமிடத்துக்கு 35 முதல் 65 முறை வரை அவை சிமிட்டவேண்டும் என்று இன்றைய விதிகள் சொல்கின்றன. செயல்படும் எச்சரிக்கை என்று இந்த வகையைச் சொல்வார்கள். இடத்தை மட்டும் சொன்ன பலகைக்குப் பக்கத்தில், நேரத்தைச் சொல்லும் குரல் ஒன்று இவ்வாறு வந்து சேர்ந்தது.

நேரத்தைச் சொல்லத் தொடங்கிய உடனே, எவ்வளவு நேரம் என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்கக் கூட்டரசு விதிகளின்படி, வழக்கமான வேகத்தில் வரும் ரயில் கடவை அடைவதற்குக் குறைந்தது 20 விநாடிகளுக்கு முன் விளக்குகள் எரியத் தொடங்க வேண்டும். தடுப்புக் கைகள் இருந்தால், விளக்கு எரிந்து குறைந்தது மூன்று விநாடிகள் கழித்தே அவை இறங்கத் தொடங்க வேண்டும், ரயில் வருவதற்கு ஐந்து விநாடிகள் முன்னதாகக் கிடைமட்டமாகப் படிந்துவிட வேண்டும். மணிக்கு 79 மைல் வேகத்தில் வரும் பயணிகள் ரயிலுக்கு 20 விநாடி என்பது ஏறத்தாழ 2,300 அடித் தொலைவு. மின்சுற்றின் தொடக்கத்தை அந்தத் தொலைவில் வைத்தால் வேகமான ரயிலுக்குக் கணக்குச் சரியாக இருக்கும். ஆனால் அதே பாதையில் மணிக்குப் பத்து மைலில் ஊர்ந்து வரும் சரக்கு ரயிலும் அதே புள்ளியில்தான் மின்சுற்றை மிதிக்கும், அதற்குப் பிறகு அது கடவை எட்ட இரண்டரை நிமிடங்களுக்கு மேலாகும். சாலையில் நிற்பவருக்கு இரண்டு சந்தர்ப்பங்களிலும் எரிவது ஒரே சிவப்பு. ஒன்று இருபது விநாடிகளில் உயிரைப் பறிக்கும், மற்றொன்று வெகுநேரம் எதுவும் நிகழாமல் எரிந்துகொண்டே இருக்கும். பின்னதைப் பலமுறை அனுபவித்த உள்ளூர்க்காரர், முன்னதையும் பின்னதாகவே எடுத்துக்கொள்வதற்குப் பழகிவிடுகிறார்.

தடுப்புக் கைகளைச் சுற்றி வளைந்து கடப்பவர்கள்மேல் கோபப்படுவது எளிது, நியாயமும்கூட. ஆயினும் அவர்களில் பலர் சட்டத்தை மீறுவதாக நினைப்பதில்லை, ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைக்கிறார்கள். ரயில்வேத் துறையினரும் இதைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு, 1960களில் உருவான மாறா நேர எச்சரிக்கை அமைப்பு சான்று. ரயில் நெருங்க நெருங்கத் தண்டவாள மின்சுற்றின் மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் சுற்று காட்டும் எதிர்ப்பு, குறைந்துகொண்டே வரும். எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை அளந்து ரயிலின் வேகத்தைக் கணித்து, வேகமான ரயிலுக்கு முன்னதாகவும் மெதுவான ரயிலுக்குத் தாமதமாகவும் விளக்கைப் போடும் கருவி அது. நின்றுவிட்ட ரயிலுக்கு அது விளக்கையே அணைத்துவிடும். ரயிலின் பாதுகாப்புக்கு இதனால் நேரடியாக எந்தக் கூடுதல் நன்மையும் இல்லை. எச்சரிக்கையை நம்பத்தக்கதாக்குவதற்கென்றே செய்யப்பட்ட செலவு இது.

ஆனால் நம்பத்தக்க இருபது விநாடிகளும் யாரோ ஒருவருடைய இருபது விநாடிகள்தான். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள ஹிக்சன் என்ற சிற்றூரின் கடவு இதைக் காட்டியது. பிரிட்டனில் அதுவரை கடவுகளில் சாலையை முழுதாக அடைக்கும் கதவுகள் இருந்தன, அவற்றை ஒரு பணியாளர் இயக்கினார், முக்கியப் பாதைகளில் அந்தக் கதவுகள் ரயிலுக்கான சிக்னலோடு பிணைக்கப்பட்டிருந்தன. கதவு மூடிப் பூட்டப்படாமல் ரயிலுக்குப் பச்சை கிடைக்காது. ஆள் செலவையும் சாலையில் காத்திருப்பையும் குறைக்க, ஐரோப்பியக் கண்டத்து நாடுகளைப் பின்பற்றி 1961 முதல் தானியங்கி அரைத்தடுப்புகள் கொண்டுவரப்பட்டன. சாலையின் இடப்பாதியை மட்டும் மறிக்கும் கை அது. உள்ளே சிக்கிய வண்டி வெளியேற மறுபாதி திறந்தே இருக்கும். ரயில் தானே மின்சுற்றை மிதித்து அதை இறக்கும், 24 விநாடிகளில் வந்து சேரும். சிக்னலோடு அதற்குத் தொடர்பில்லை. கடவில் என்ன நிற்கிறது என்று ரயில் இனிமேல் விசாரிக்காது.

1968 ஜனவரி 6 அன்று ஹிக்சனில், 120 டன் எடையுள்ள மின்மாற்றி ஒன்றைச் சுமந்துகொண்டு, முன்னால் ஒரு டிராக்டர் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, போலீஸ் துணையோடு ஒரு கனரக வண்டி கடவை நோக்கி வந்தது. அதன் மொத்த நீளம் 148 அடி; கடவில் ஏறியபோது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ இரண்டு மைல். அந்த வேகத்தில் தன் நீளத்தைத் தானே கடந்து முடிக்கவே அதற்கு ஐம்பது விநாடிகள் வேண்டும். அது பாதையின் மேல் இருந்தபோது மான்செஸ்டரிலிருந்து லண்டன் செல்லும் விரைவு ரயில் மின்சுற்றை மிதித்தது, விளக்கு எரிந்தது, மணி அடித்தது, எல்லாக் கருவிகளும் வடிவமைக்கப்பட்டபடியே துல்லியமாக இயங்கின, பதினொரு பேர் இறந்தார்கள். கனமான அல்லது மெதுவான வண்டிகளின் ஓட்டுநர்கள் கடவுக்குப் பக்கத்திலுள்ள தொலைபேசியில் சிக்னல்காரரை அழைத்துக் கேட்டுவிட்டே கடக்கவேண்டும் என்ற அறிவிப்பு அங்கே இருக்கத்தான் செய்தது. ஓடும் வண்டியின் இருக்கையிலிருந்து படிக்க முடியாத சிறிய எழுத்துகளில் அது இருந்தது.

வழக்கறிஞர் பிரையன் கிப்பன்ஸ் நடத்திய பொது விசாரணை, 1879இல் டே பாலம் இடிந்து விழுந்ததற்குப் பிறகு இந்த வகையில் நடந்த முதல் ரயில் விபத்து விசாரணை. ஓட்டுநரையோ போலீசாரையோ தனித்துக் குற்றவாளியாக்குவதோடு அது நிற்கவில்லை. 1966இலேயே வேறொரு கடவில், ஹிக்சனில் மோதுண்ட வண்டியின் உரிமையாளரான அதே நிறுவனத்தின் கனரக வண்டி ஒன்று தப்பிப் பிழைத்து, அதுபற்றி நிறுவனம் எழுதிய கடிதத்துக்கு ரயில்வே அலட்சியமான மறுமொழி தந்திருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. அரைத்தடுப்பை வடிவமைத்தவர்களின் மனத்தில் இருந்தது கார். 24 விநாடி கார் ஓட்டுநருக்குத் தாராளம். சராசரி வண்டிக்கு வகுத்த நேரத்தில் சராசரிக்கு வெளியே நிற்பவருக்கு மிஞ்சுவது ஓர் அறிவிப்புப் பலகையும் அதன் எழுத்தளவும் மட்டுமே என்பதுதான் ஹிக்சன் சொன்ன பாடத்தின் கசப்பு. விசாரணைக்குப் பிறகு எச்சரிக்கை நேரம் கூட்டப்பட்டது, சிவப்புக்கு முன் ஒரு மஞ்சள் விளக்கு சேர்க்கப்பட்டது, அறிவிப்புகள் தொலைவிலிருந்தே படிக்கும்படி பெரிதாக எழுதப்பட்டன.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 25 காலையில், சிகாகோவின் புறநகரான ஃபாக்ஸ் ரிவர் குரோவில் இதே பிசகு வேறு உருவத்தில் நிகழ்ந்தது. அங்கே இருப்புப்பாதைக்கு மிக அருகிலேயே அதற்கு இணையாக ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. கடவைக் கடந்த வண்டி அந்த நெடுஞ்சாலையின் போக்குவரத்து விளக்குக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க இருந்த இடைவெளியைவிடப் பள்ளிப் பேருந்து நீளமானது. முன்புறம் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நிற்க, பின்புறத்தின் சில அடிகள் தண்டவாளத்தின் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். விளக்கின் நேரக் கணக்கைப் பற்றி எழுந்திருந்த புகாரைச் சரிபார்க்க வந்த அதிகாரிகள் அந்த வேளையில் அங்கேயே நின்றிருந்தார்கள் என்பது இந்த விபத்தின் குறிப்புகளில் எப்போது படித்தாலும் உறுத்தும் வரி.

கடவின் விளக்கும் போக்குவரத்து விளக்கும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. ரயில் வரும் செய்தி கிடைத்ததும் போக்குவரத்து விளக்கு தன் வழக்கமான சுழற்சியை முறித்து, கடவின் மேல் நிற்கும் வண்டிகள் வெளியேறப் பச்சை காட்டவேண்டும். இதைப் பொறியாளர்கள் முன்னுரிமைக் குறுக்கீடு என்கிறார்கள். ஆனால் சுழற்சியை நினைத்த மாத்திரத்தில் முறிக்க முடியாது. குறுக்குச் சாலையில் நடந்துகொண்டிருப்பவர் கடந்து முடிக்க வேண்டும், அங்கே பச்சை மஞ்சளாகி மஞ்சள் சிவப்பாக வேண்டும், பிறகே இந்தப் பக்கம் பச்சை எரியும், அதன் பிறகே முதல் வண்டி நகரும், அது நகர்ந்த பிறகே பின்னால் நிற்பது நகரும். இருபது விநாடிகளை ரயில்வே கொடுத்தது. சாலைத் துறையின் கருவி அதில் பெரும்பகுதியைத் தன் ஒழுங்குக்கே செலவழித்தது. இரு துறைகளும் தத்தம் விதியை மீறவில்லை. கார்டோசோ 1934இல் கேட்ட கேள்வி, தகவல் பயன்படும்வரை உண்மையாக நீடிக்கிறதா என்பது, இரு கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு இடையே ஓடிய கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. கடவின் சிவப்பு எரிவதற்கும் சில விநாடிகள் முன்னதாகவே போக்குவரத்து விளக்குக்குச் செய்தி அனுப்பும் முறையும், இரு துறைகளும் சேர்ந்து நேரத்தை அளந்து பார்க்கும் வழக்கமும் இந்த விபத்துக்குப் பின்னரே அழுத்தம் பெற்றன.

இந்தியாவின் சிக்னலோடு இணைந்த கேட்டுகள், ஹிக்சனுக்கு முந்தைய பிரிட்டிஷ் தர்க்கத்தை இன்னும் கைவிடவில்லை. இன்டர்லாக்கிங் எனப்படும் அந்தப் பிணைப்பில், கேட் கீப்பர் கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கான சிக்னல் இறங்கும்; ரயில் சாலையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வருகிறது என்றே இதைச் சொல்லலாம். அதன் விலையைச் சாலையில் நிற்கும் ஒவ்வொருவரும் செலுத்துகிறார்கள். சிக்னல் கிடைக்க வேண்டுமானால் ரயில் வெகுதொலைவில் இருக்கும்போதே கேட்டை மூடிவிட வேண்டும்; இரு திசையிலும் அடுத்தடுத்து ரயில்கள் இருந்தால், தமிழ்நாட்டின் பல ஊர்களில் பேருந்துகள் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பதும் இருசக்கர வாகனங்கள் கட்டைக்கு அடியில் சாய்ந்து நுழைவதும் அன்றாடக் காட்சி. அனுமதி முறையில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை இழக்கிறார்கள். எச்சரிக்கை முறையில் பெரும்பாலோர் எதையும் இழப்பதில்லை, பொருந்தாத ஒருவர் மொத்தமாக இழக்கிறார். எது நியாயம் என்று கணக்கதிகாரியிடம் கேட்டால் ஒரு பதிலும், ஹிக்சனில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் கேட்டால் வேறொரு பதிலும் கிடைக்கும். மூன்றாவது வழி, கடவையே இல்லாமல் செய்வது. அகல ரயில் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகளை 2019 ஜனவரிக்குள் மூடியோ ஆள் நியமித்தோ பாலமும் சுரங்கப்பாதையும் கட்டியோ இந்திய ரயில்வே ஒழித்தது; அதன் விளைவாக 131ஆம் பிரிவின் கிளீனர் இறங்கி நடப்பதற்கான இடம் அந்தப் பாதைகளில் இல்லாமற்போனது. மழைக்காலத்தில் அந்தச் சுரங்கப்பாதைகள் சில குளங்களாகிவிடுவது தனிக் கதை. ஆள் நியமித்த கேட்டுகள் அனைத்துக்கும் சிக்னல் பிணைப்பு வந்துவிடவில்லை என்பதும், பிணைப்பில்லாத இடத்தில் நிலைய அதிகாரிக்கும் கேட் கீப்பருக்கும் இடையிலான தொலைபேசிப் பேச்சுதான் முழுப் பாதுகாப்பும் என்பதும், 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மாணவர்கள் மூவர் இறந்தபோது பலருக்கு முதன்முறையாகத் தெரியவந்தது.

அமெரிக்கக் கடவுகளில் இப்போது சிறிய நீலப் பலகை ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதில் ரயில்வேயின் அவசரத் தொலைபேசி எண்ணும் அந்தக் கடவுக்கே உரிய அடையாள எண்ணும் இருக்கும். தண்டவாளத்தில் வண்டி நின்றுபோனவர் அழைத்தால், கட்டுப்பாட்டு அறை வானொலி மூலம் அந்தப் பாதையின் ரயில்களை நிறுத்த முயலும். சாலை ரயிலிடம் பேசுவதற்குத் தானியங்கிக் கருவிகள் அறுத்துவிட்ட வழி, ஒரு தொலைபேசி எண்ணின் அகலத்துக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. நிமிடங்கள் கையிருப்பில் இருப்பவருக்கே அது பயன்படும் என்பதை அறிந்ததால், பாதுகாப்பு அறிவுரைகள் அழைப்பை முதல் வேலையாகச் சொல்வதில்லை. முதலில் எல்லோரும் வண்டியை விட்டு இறங்க வேண்டும். ரயில் வருவது தெரிந்தால் தண்டவாளத்தை விட்டு விலகி, ஆனால் ரயில் வரும் திசையை நோக்கியே சாய்வாக ஓட வேண்டும், ஏனெனில் மோதலில் சிதறும் துண்டுகள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். தொலைபேசி அதற்குப் பிறகு.